"ரைட் ஆஃப்" ஆன கடன் தள்ளுபடி ஆன கடனா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் அன்றாட ஆங்கிலம் பற்றி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு அன்றாட ஆங்கிலம். "இந்த வயசுல எங்களுக்கு ஏம்மா இங்கிலீஷ்?" என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். நான் இலக்கணம் நடத்தப் போவதில்லை. உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஆங்கிலத்தைத்தான் எடுத்துப் பேசப் போகிறேன்.

இன்று காலையிலிருந்து நீங்கள் பேசியதை நினைத்துப் பாருங்கள். "மோட்டாரை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு வா." "பஸ் பிரேக் டவுன் ஆயிடுச்சு." "மருமகளை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும்." "போனுக்கு டாப்-அப் பண்ணணும்." "பொண்ணுக்கு கட்-ஆஃப் எவ்வளவு வந்திருக்கு?" "ஆதார் பிரிண்ட்-அவுட் எடுக்கணும்." "தக்காளி ஏத்த பிக்-அப் வண்டி வருது." பாலக்கோடு மார்க்கெட்டில் ஒரு நாள் நின்றால் இந்த மாதிரி ஐம்பது சொல் பொறுக்கலாம். எல்லாமே ஒரே ஜாதிச் சொல். முன்னால் ஒரு வினைச்சொல் இருக்கும்: கட், பிரேக், செக், பிக். பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டியிருக்கும்: அப், ஆஃப், அவுட், டவுன், இன், ஓவர், பேக். ஆங்கிலத்தில் இதற்கு "ஃப்ரேசல் வெர்ப்" என்று பெயர். நாம் வால் சொல் என்று வைத்துக்கொள்வோம், ஞாபகம் இருக்கும்.

இதில் சங்கடம் என்னவென்றால், முன்னால் இருக்கிற சொல்லை வைத்து மட்டும் அர்த்தம் பிடிக்க முடியாது. "பிரேக்" என்றால் உடைப்பது. "பிரேக் டவுன்" என்றால் வண்டி நடுவழியில் நின்றுபோவது. "பிரேக் அவுட்" என்றால் காய்ச்சலோ கலவரமோ திடீரென்று கிளம்புவது. "பிரேக் இன்" என்றால் திருடன் வீடு புகுவது. தலை ஒன்றுதான். வால் மாறினால் ஆளே மாறிப்போகிறது.

இது நமக்குப் புதுசா என்றால், இல்லை. தமிழில் "காட்டு" தெரியும், "கொடு" தெரியும். ஆனால் "காட்டிக் கொடு" என்றால்? காண்பித்துவிட்டுக் கையில் கொடுப்பதா? துரோகம் பண்ணுவது! "விடு" என்றால் விட்டுவிடுவது. "விட்டுக் கொடு" என்றால் இன்னொருவருக்காக இறங்கி வருவது. "தள்ளி வை" என்றால் கல்யாணத் தேதியை மாற்றுவதும் உண்டு, ஒரு குடும்பத்தையே ஊரிலிருந்து ஒதுக்குவதும் உண்டு. "எழுதிக் கொடு", "எழுதி வாங்கு", "எழுதி வை" இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் காடு கழனியை இழந்த பெண்கள் எத்தனை பேர்? "சும்மா எழுதிக் கொடும்மா, பார்த்துக்கலாம்" என்று அண்ணன் சொல்வார். எழுதிக் கொடுத்த பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆக, இந்த வித்தை நமக்குத் தெரிந்ததுதான். நாம் பின்னால் இன்னொரு வினையைச் சேர்க்கிறோம், அவர்கள் ஒரு திசைச் சொல்லைச் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. மேலே, கீழே, உள்ளே, வெளியே, விலகி, திரும்ப என்று எல்லாம் திசைதான். இது கஷ்டம் என்று நினைத்து யாரும் வெட்கப்பட வேண்டாம். 1755-ஆம் ஆண்டு லண்டனில் சாமுவேல் ஜான்சன் என்ற அறிஞர் பெரிய ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். அதன் முன்னுரையிலேயே, எங்கள் மொழியில் வெளிநாட்டாருக்கு ரொம்பச் சிரமம் கொடுப்பது இந்த வால் சொற்கள்தான் என்று எழுதி வைத்திருக்கிறார். அவருடைய மொழியைப் பற்றி அவரே சொன்னது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மோட்டாரை ஆஃப் பண்ணுவதில் அர்த்தம் மாறினால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பணம் சம்பந்தப்பட்ட காகிதங்களிலும் இதே வால் சொற்கள்தான் இருக்கின்றன. மகளிர் குழு என்ற அமைப்பு தமிழ்நாட்டில் முதலில் முளைத்தது நம் மாவட்டத்தில். 1989-ல், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தருமபுரியில் ஆரம்பித்தது. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு சேர்ந்திருந்தது, 2004-ல்தான் தனி மாவட்டம் ஆனது. அந்தக் காலத்தில் கைநாட்டு வைத்த அம்மாக்கள் முதலில் கற்றுக்கொண்டது கையெழுத்துப் போட. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் எழுத்தறிவு ஆகக் குறைவாக இருந்த மாவட்டம் நம்முடையதுதான். அதனால் கையெழுத்துப் போடுகிறோமே, எதன் கீழே போடுகிறோம் என்பதை இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நம் கையிலேயே இருக்கிற ரொக்கப் புத்தகம். பக்கத்தின் அடியில் "சி/எஃப்" என்றும், அடுத்த பக்கத்தின் தலையில் "பி/எஃப்" என்றும் ரெண்டு எழுத்து எழுதியிருப்பார்கள். "கேரிடு ஃபார்வர்டு", "பிராட் ஃபார்வர்டு". இரண்டும் வால் சொற்களே. முதலாவது, இந்தப் பக்கத்துத் தொகையை அடுத்த பக்கத்துக்குத் தூக்கிப் போகிறோம் என்று அர்த்தம். இரண்டாவது, முன் பக்கத்திலிருந்து கொண்டு வந்தோம் என்று அர்த்தம். ஆக இரண்டும் ஒரே தொகையாகத்தான் இருக்க முடியும். பக்கம் திரும்புகிற அந்த ஒரு விநாடியில்தான் ஐநூறு ஆயிரம் காணாமல் போகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அடியில் இருக்கிற எண்ணும் தலையில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிடலாம், எண் எல்லோருக்கும் தெரியும். ஊக்குநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பாருங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் இன்னும் ஒருமுறை பாருங்கள்.

வங்கியில் பணம் கட்டும் சீட்டில் "பே-இன் ஸ்லிப்" என்று அச்சடித்திருக்கும். நாம் சலான் என்போம். "இன்" என்றால் உள்ளே, கணக்குக்குள்ளே கட்டுவது. பணம் எடுப்பதற்கு வேறு சீட்டு, "வித்ட்ராயல்" என்று போட்டிருக்கும். "ஃபில் அப்", "ஃபில் இன்", "ஃபில் அவுட்" மூன்றும் ஃபாரத்தைப் பூர்த்தி செய்வதுதான், அதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை. மேலேயும் உள்ளேயும் வெளியேயும் ஒரே அர்த்தமா என்று கேட்காதீர்கள், அது அவர்கள் பாடு.

இப்போது பெரிய விஷயம். "அக்கா, என் கடனை பேங்க்ல ரைட் ஆஃப் பண்ணிட்டாங்களாம், இனிமே கட்ட வேண்டியதில்லையாம்" என்று ஒரு சகோதரி என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். யாரோ ஒரு உறவுக்காரப் பையன் போனில் பார்த்துச் சொல்லியிருக்கிறான். "ரைட்" என்றால் எழுது, "ஆஃப்" என்றால் விலக்கு, ஆக எழுதித் தள்ளிவிட்டார்கள், தள்ளுபடி! பையன் சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் அர்த்தம் பண்ணியிருக்கிறான். ஆனால் வால் சொல்லை அப்படிப் பண்ண முடியாதே.

நடப்பது இதுதான். ஒரு கடனுக்குத் தவணையோ வட்டியோ 90 நாளுக்கு மேல் கட்டாமல் நின்றால், வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்துகிறது. வாராக்கடன் வைத்திருக்கிற வங்கி தன் லாபத்திலிருந்து அதற்கு ஈடாகப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். வருஷங்கள் போய், கடன் முழுவதற்கும் அப்படி ஒதுக்கி முடித்த பிறகு, தன் இருப்புநிலைக் கணக்கைச் சுத்தமாகக் காட்டுவதற்காக அந்தக் கடனை அதிலிருந்து எடுத்துவிடுகிறது. அதற்குப் பெயர்தான் "ரைட் ஆஃப்". அது வங்கி தன் நோட்டில் செய்துகொள்கிற வேலை. வாங்கியவர் கடன் அப்படியே இருக்கிறது. வசூல் பண்ணுகிற உரிமையும் வங்கிக்கு அப்படியே இருக்கிறது. "ரைட் ஆஃப் செய்வதால் கடன்தாரருக்குச் சலுகை எதுவும் கிடையாது, வசூல் தொடரும்" என்ற கருத்தை மத்திய நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் பலமுறை பதிலாகச் சொல்லியிருக்கிறது.

நம்ம ஊர் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தீபாவளிக்குப் புது நோட்டுப் போடும்போது, ரொம்ப நாளாக வராத பாக்கிகளைப் புது நோட்டில் ஏற்ற மாட்டார். பழைய நோட்டைப் பரண் மேல் போட்டு வைப்பார். கிழித்துப் போட்டுவிட்டாரா? நீங்கள் அந்தத் தெருவில் போகும்போது கூப்பிட்டுக் கேட்க மாட்டாரா?

தள்ளுபடி என்பது வேறு. அதற்கு ஆங்கிலத்தில் "வெய்வ்" என்று சொல்ல வேண்டும். பத்திரிகைகளிலும் மேடைகளிலும் "வெய்வ் ஆஃப்" என்று இதற்கும் ஒரு வாலை ஒட்டிவிட்டார்கள், அதனால்தான் இரண்டும் ஒன்று மாதிரி காதில் விழுகிறது. தள்ளுபடி என்றால் அரசாங்கம் அறிவிக்கும், அரசாணை வரும், எந்தத் தேதி வரைக்கும் நிலுவையில் இருந்த எந்தக் கடன் என்று அதில் இருக்கும். 2006-ல் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது அப்படி. கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக்கள் வாங்கி 2021 மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த கடன்களுக்குத் தள்ளுபடி வந்தது அப்படி. கூட்டுறவு என்பதைக் கவனியுங்கள். வணிக வங்கியில் வாங்கிய குழுக்களுக்கு அது பொருந்தவில்லை. அது தெரியாமல் தவணையை நிறுத்திய குழுக்களுக்கு வட்டி ஏறியதுதான் மிச்சம்.

"ரைட் ஆஃப்" ஆனால் இன்னொரு கெடுதலும் உண்டு. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் உங்கள் பெயருக்கு எதிரே "ரிட்டன் ஆஃப்" என்று ஏறும். அதைப் பார்க்கிற எந்த வங்கியும் அடுத்த கடன் தரத் தயங்கும். மகள் படிப்புக்குக் கல்விக்கடன் கேட்டுப் போகும்போதுதான் அது தெரியவரும். "செட்டில்டு" என்ற சொல்லும் அப்படித்தான். காதுக்கு நல்லா இருக்கும். ஆனால் பேசிக் குறைத்துக் கட்டினார்கள், முழுசாகக் கட்டவில்லை என்று அதற்கு அர்த்தம். நமக்கு வேண்டியது "குளோஸ்டு". முழுசாகக் கட்டித் தீர்ப்பதற்கு ஆங்கிலத்தில் "பே ஆஃப்". அங்கேயும் அதே "ஆஃப்"தான் பாருங்கள், ஆனால் இது நல்ல ஆஃப். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்கி டிரங்குப் பெட்டியில் போடுங்கள். இந்த அறிக்கையை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. படித்த பிள்ளைகளை விட்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது "செட் ஆஃப்". உங்கள் கடன் பாக்கிக்கு உங்கள் சேமிப்புக் கணக்கில் இருக்கிற பணத்தை எடுத்து நேர்செய்துகொள்வது. "உங்க சேமிப்பு அப்படியே இருக்கட்டும், எடுக்காதீங்க" என்று சொல்லிக் கணக்கைக் கட்டி வைத்தால் அது "லீன்", அதாவது பிடிப்பு. இதற்கு வால் இல்லை, ஆனால் கொம்பு இருக்கிறது. மகளிர் குழுக்களுக்குத் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் கடன் தரும்போது 10 லட்சம் வரைக்கும் பிணையம் கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கில் பிடிப்பு வைக்கக் கூடாது, டெபாசிட் போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் இருந்தது. 2021-ல் பிணையம், பிடிப்பு இரண்டும் கூடாது என்பதை 20 லட்சம் வரைக்கும் நீட்டினார்கள். மேலாளரிடம் சண்டை போட வேண்டாம். "சார், லீன் போட்டிருக்கீங்களா?" என்று அந்தச் சொல்லைச் சொல்லி ஒருமுறை கேட்டால் போதும். சொல் தெரிந்தவளிடம் பேசுகிற விதமே வேறு.

வீடு தேடி வருகிற சிறுகடன் நிறுவனங்கள் "உங்க பழைய கடனை டேக் ஓவர் பண்ணி, டாப்-அப்பும் தர்றோம்" என்பார்கள். "டேக் ஓவர்" என்றால் அவர்கள் கடனைக் கட்டிவிடுவது இல்லை, கடன்காரர் மாறுவது. வட்டி எவ்வளவு, கழிவு எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து சிறுகடனுக்கென்று ரிசர்வ் வங்கி விதிகள் வைத்திருக்கிறது. கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் வாங்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யவோ வரவோ கூடாது. ஆகவே "இங்கிலீஷ்லதான் இருக்கு, கையெழுத்துப் போடுங்கக்கா" என்று ஒரு தம்பி சொன்னால், "தமிழ்ல கொண்டு வாப்பா, அப்புறம் போடறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. இவ்வளவு ஆங்கிலம் பேசிவிட்டு இதைச் சொல்கிறேன்: ஆங்கிலமே வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எனக்குப் பிடித்த வால் சொல் ஒன்று இருக்கிறது. "கூலிங் ஆஃப்". கொதிக்கிறதை ஆற வைப்பது. நாமும் சொல்வோமே, "அவசரப்படாதே, கொஞ்சம் ஆறப் போடு" என்று. போன் செயலி வழியாக வாங்குகிற கடனுக்கு இந்த ஆறப் போடும் காலத்தை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. பணம் கணக்கில் விழுந்த பிறகும், வேண்டாம் என்று தோன்றினால் அசலையும் அந்த நாள்களுக்கான வட்டிச் செலவையும் மட்டும் திருப்பிக் கட்டிவிட்டு, அபராதம் இல்லாமல் விலகலாம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் பரிசீலனைக் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரு நாளுக்குக் குறையக் கூடாது. ராத்திரி மருமகன் வற்புறுத்தி எடுக்க வைத்த கடனை, காலையில் யோசித்துத் திருப்பிக் கொடுக்க இது ஒரு வாசல். இதெல்லாம் முறையான நிறுவனங்களுக்கு. ஊர் பேர் தெரியாத செயலியில் வாசலும் கிடையாது, வீடும் கிடையாது.

"ஆப்ட் அவுட்" என்று ஒன்று. எனக்கு வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்று நாமாகச் சொல்லி வெளியே வருவது. பயிர்க் காப்பீட்டில் 2020 முதல் இது வந்தது. அதற்கு முன்னால் பயிர்க்கடன் வாங்கினால் காப்பீடும் கட்டாயம். இப்போது விருப்பம். ஆனால் வேண்டாம் என்பவர் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்னால் கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். காப்பீடு நல்லதுதான், விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாஸ் புத்தகத்தில் மே, ஜூன் மாதத்தில் 20 ரூபாயும் 436 ரூபாயும் குறைந்திருக்கிறதே என்று சிலர் கேட்டீர்கள். அது பிரதமரின் விபத்துக் காப்பீடும் ஆயுள் காப்பீடும், எப்போதோ நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபடி தானாகப் பிடிக்கிறார்கள். வீட்டில் ஒரு அசம்பாவிதம் நடந்தால் இரண்டுக்கும் தலா 2 லட்சம் கேட்க முடியும். இது தெரியாமலேயே விட்டுப்போன குடும்பங்கள் உண்டு. பாஸ் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறதா என்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

கடைசியாகப் போனைப் பற்றி. "பேக்" என்றால் திரும்ப. "கால் பேக்" என்றால் திருப்பிக் கூப்பிடுவது. "கேஷ் பேக்" என்றால் பணம் திரும்பி வருவது. "உங்களுக்கு கேஷ் பேக் வந்திருக்கு, பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால், வால் வேறு பக்கம் ஆடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். வருகிற பணத்துக்குப் பின் நம்பர் தேவையே இல்லை. அது போகிற பணத்துக்கு மட்டும்தான். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள், அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் நேரம் போய்விடும். இ-சேவை மையத்திலோ அடுத்தவர் போனிலோ உங்கள் கணக்கைத் திறந்தால் அது "லாக் இன்". வேலை முடிந்ததும் "லாக் அவுட்" பண்ணச் சொல்லி, பண்ணியதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு நாம் சந்தைக்குப் போவோமா?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கிற கடன் அட்டை, பாஸ் புத்தகம், வங்கி அனுப்பிய கடிதம், போனில் வந்த மெசேஜ் என்று ஏதாவது ஒன்று கொண்டு வாருங்கள். புரியாத சொல்லின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வந்தால் போதும். பெயரும் தொகையும் தெரிய வேண்டியதில்லை, அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினாலும் சரி. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருவதாகத் தலைவி அம்மா சொல்லியிருக்கிறார்கள்.